திறக்க இறுகும் பழைய ஒற்றைக்குழல்: வாங்கலாமா?

கேள்வி: அஞ்செட்டி மலைப்பக்கம் நாலு ஏக்கரில் ராகியும் அவரையும் கொஞ்சம் நிலக்கடலையும் போடுகிறேன். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு அலைந்து, இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் வைத்திருந்த 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகன் விற்கச் சம்மதிக்கிறார், கடை விலையில் பாதிதான் கேட்கிறார். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் லீவரைத் தள்ளினால் மடங்கித் திறப்பதில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினால்தான் திறக்கிறது. “நாலு நாள் உங்கள் வீட்டில் வைத்து எண்ணெய் போட்டுப் பாருங்கள், இளகிவிடும், பிறகு பணம் கொடுங்கள்” என்கிறார். கொண்டுவரலாமா? முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொண்டுவர வேண்டாம். முன்பணமும் இப்போது வேண்டாம். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம். அதைவிட அவசரமான காரியம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

உரிமம் வைத்திருந்தவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது, துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது என்கிறீர்கள். உரிமம் அந்தப் பெரியவர் பெயருக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததல்ல. உரிமதாரர் இறந்துவிட்டால், அவருடைய துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாரிசுகள் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் பொருள் போய்விடும் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் பரண் மேலேயே வைத்திருக்கிறார்கள். அது தேவையில்லாத பயம். ஒப்படைத்தவர் குறித்த காலத்துக்குள் தாமே உரிமம் வாங்கி அதைத் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். காலம் கடத்தினால்தான் அரசு எடுத்துக்கொள்ளும்.

அந்த மகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, முதலில் காவல் நிலையத்தில் விவரம் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். துப்பாக்கியை எங்கே, எப்படிக் கொண்டுபோய் ஒப்படைப்பது என்று அவர்களே சொல்வார்கள். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு ஒரு தங்கச்சி வந்து “அப்பா துப்பாக்கியை யாரைக் கேட்டு விற்றாய்” என்று கேட்டால் வம்பில் நீங்களும் இருப்பீர்கள்.

நாலு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்கிறாரே, அதில்தான் ஆபத்து. உங்களிடம் உரிமம் இருக்கிறது, சரி. ஆனால் அந்த உரிமத்தில் இந்தத் துப்பாக்கியின் எண் ஏறவில்லை. வழியில் ஒரு சோதனையில் நிறுத்தினால், உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். அதற்குச் சிறை உண்டு. அலைந்து வாங்கின உரிமமும் அதோடு போகும். உயிரோடு இருக்கிற உரிமதாரரிடம் வாங்கினாலும் கைமாற்று முறை கிடையாது. விற்கிறவர், இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று பெயர் விலாசத்தோடு மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் பொருள் கைமாற வேண்டும்.

இன்னொன்று, உங்கள் உரிமப் புத்தகத்தை எடுத்து ஆயுதத்தின் வகை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் சட்டம் முதலில் நினைப்பது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் கொடுக்கிற அதிகாரி கருதினால்தான் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரி இல்லாத வேறு துப்பாக்கிக்கு அனுமதி கொடுக்கலாம். புத்தகத்தில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று இருந்தால் அது மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். ‘எஸ்.பி.பி.எல்.’ என்று இருந்தால்தான் பின்னால் மடக்கித் தோட்டா போடுகிற ஒற்றைக்குழல். நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முதலாவது எழுதியிருந்தால் நீங்கள் சொல்கிற துப்பாக்கியை வாங்கவே முடியாது. எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதும் புத்தகத்தில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த இறுக்கத்துக்கு வருவோம். துப்பாக்கி கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கடைக்காரர் முன்னிலையில் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திறக்க இறுகுகிறது என்பதாலேயே ஒரு துப்பாக்கியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், தொட்டதும் தொபுக்கென்று மடங்கி விழுகிற பழைய துப்பாக்கிதான் அதிகம் பயப்பட வேண்டியது. குறைவாகச் சுட்டு, நன்றாகப் பொருத்திச் செய்த துப்பாக்கி பத்திருபது வருடம் ஆனாலும் இறுக்கமாகவே இருக்கும். ஆனால் துருப் பிடித்தாலும் இறுகும், எண்ணெய் பிசினாகி உறைந்தாலும் இறுகும், குழல் வீங்கினாலும் இறுகும். வெளியிலிருந்து அழுத்துகிற கைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த இறுக்கம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பிரிப்பது சுலபம். குழலின் அடியில் கொக்கி மாதிரி ஒரு தடித்த இரும்பு இருக்கும். அது முன்பக்கம் ஒரு கீல் ஆணியைக் கவ்விக்கொண்டு கதவு மாதிரி மடங்கும். கொக்கியின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும், அதில் ஒரு தாழ் வந்து விழும். லீவரைத் தள்ளினால் தாழ் பின்வாங்கும், குழல் மடங்கும். குழலின் பின்வாய் ஒரு இரும்புச் சுவரோடு ஒட்டி நிற்கும். அந்தச் சுவரில் ஒரு சின்னத் துளை, துளை வழியாக ஊசி வந்து தோட்டாவின் கேப்பைக் குத்தும். முன்னால் கையால் பிடிக்கிற சின்னக் கட்டையும் கீலோடு உரசிக்கொண்டுதான் திரும்பும். ஆக, இறுகுவதற்கு இடம் நாலைந்துதான்.

முதல் கேள்வி: லீவரே நகர மறுக்கிறதா, அல்லது லீவர் நகர்ந்தும் குழல் மடங்க மறுக்கிறதா?

லீவரே நகரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் பிசினாகியிருக்கும், அல்லது தாழில் துரு ஏறியிருக்கும். நம் வீடுகளில் துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் எது? சமையலறையில் இருப்பதுதான். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் மலைப்பக்கத்து மார்கழிக் குளிரில் சீசாவிலேயே உறைகிறது, துப்பாக்கிக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? உங்கள் பெரியவர் துப்பாக்கியில் இந்தக் கோளாறாக இருந்தால் அது சந்தோஷமான கோளாறு. துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் உள்ளவர் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும். கீல் ஆணிக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

துருவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். துணியிலோ சாக்கிலோ தோல் உறையிலோ சுற்றிக் கொடுத்தால், அந்தச் சுற்றல் ஈரத்தைக் குடித்து வாரக்கணக்கில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வாங்கி வந்து உறையைப் பிரிக்காமலே மூலையில் சாத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேல் துரு என்றால் துடைத்தால் போகும். நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறது என்றால் அந்தத் துரு இரும்பைத் தின்றுவிட்டது.

லீவர் சுலபமாக நகர்கிறது, ஆனால் குழல் மடங்கவில்லை என்றால் முதலில் குதிரையைப் பாருங்கள். வெளியே குதிரை வைத்த பழைய மாடல்கள் சிலவற்றில், குதிரை விழுந்த பிறகு தானாகப் பின்வாங்காது. அது ஊசியை அழுத்திக்கொண்டே நிற்கும், ஊசி முனை தோட்டாவின் கேப்புக்குள் பதிந்து நிற்கும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அந்த நிலையில் முழங்காலில் வைத்து அழுத்தினால் ஊசி வளையும் அல்லது உடையும். குதிரையைப் பாதி நிறுத்தத்துக்கு இழுத்துவிட்டுத் திறந்தால் சுலபமாகத் திறந்துவிடும். பெரியவருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கும், மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த ஒன்றினாலேயே ‘இறுகின துப்பாக்கி’ என்று பெயர் வாங்கினவை உண்டு. பாதி நிறுத்தத்துக்கு இழுத்த பிறகும் ஊசி பின்னால் வரவில்லை என்றால் ஊசித் துளையில் துரு அல்லது அழுக்கு. அதைச் சரி செய்யாமல் அந்தத் துப்பாக்கியில் தோட்டாவே போடக்கூடாது. ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது குழலை மூடினால், மூடுகிற வேகத்திலேயே கேப்பில் குத்திவிடும்.

அடுத்தது, முன்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். கட்டை கழன்ற பிறகு குழல் இலகுவாக மடங்கினால், இறுக்கம் கட்டையின் இரும்பிலும் கீலின் முன்முகத்திலும்தான். உலர்ந்து போயிருக்கலாம், துரு இருக்கலாம், வேறு ஒரு துப்பாக்கியின் கட்டையை இதற்குப் போட்டிருக்கலாம். கட்டை கழற்றியும் இறுக்கம் அப்படியே இருந்தால் கீல் ஆணி, கொக்கி, பின்சுவர் இந்த மூன்றில் ஒன்று. விவரம் தெரிந்த பழுதுகாரர் விளக்குப் புகையில் கொக்கியைக் கரி பிடிக்க வைத்து ஒரு தரம் மூடித் திறப்பார். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அப்படி இடம் கண்டுபிடித்த பிறகு வேலை செய்கிறவரை நம்பலாம். எடுத்ததும் அரத்தைக் கையில் எடுக்கிறவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். ஒரு நூல் அதிகமாக அராவிவிட்டால் அது திரும்ப வராது, அதன் பிறகு இறுக்கம் போய் ஆட்டம் வந்துவிடும்.

குதிரை வெளியே தெரியாத மாடலாக இருந்தால் ஒரு விஷயம். அவற்றில் திறக்கிற வேலையோடு வேலையாக உள்ளே இருக்கிற வில்லும் இழுபட்டு நிற்கும். பாதி மடங்கியபின் ஒரு எதிர்ப்பு வரும், ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு அது தீரும். அது கோளாறு அல்ல, அதன் சுபாவம்.

காலித் துப்பாக்கி சுலபமாகத் திறக்கிறது, சுட்ட பிறகுதான் இறுகுகிறது என்றால், அந்தக் கதை வேறு, கொஞ்சம் கெட்ட கதை. தோட்டா அறையின் உள்சுவரில் துருக் குழிகள் இருந்தால், சுடும்போது விரிகிற கூடு அந்தக் குழிகளில் கவ்விக்கொள்ளும். அறை வீங்கியிருந்தாலும் இப்படித்தான். தவறான நீளத் தோட்டா போட்டுச் சுட்டாலும் வரும். அதனால் காலியாகத் திறந்து மூடிப் பார்த்ததோடு நிற்காமல், சுட்டுப் பார்க்கும் வசதியும் அனுமதியும் உள்ள இடத்தில் கடைக்காரரையே சுட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளியே வந்த கூட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் கீறலோ, ஒரு பக்கம் மட்டும் புடைப்போ, அடியில் வெடிப்போ இருந்தால் வேண்டாம்.

இனி, எளிதாகத் திறக்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்பதற்காகவே இறுக்கத்தை அராவி எடுத்துக் கிரீஸ் பூசி வைத்திருக்கலாம், யார் கண்டது. குழல் மூடியிருக்கும்போது மேல் லீவர் எங்கே நிற்கிறது என்று பின்னாலிருந்து பாருங்கள். நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் தாழில் தேய்மானம் குறைவு. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டால் நிறையத் தேய்ந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, கட்டையை ஒரு கையிலும் குழலை ஒரு கையிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருக்கும்போது தெரியாத ஆட்டம் இப்போது தெரியும். பின்வாய்க்கும் சுவருக்கும் நடுவில் செய்தித்தாள் துண்டை வைத்து மூடுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கிற சாமான் இது, அந்த இடைவெளி வழியாக என்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தும் பார்க்கலாம், ஆனால் தாள் பொய் சொல்லாது.

குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். உள்ளே கிணற்றுச் சுவர் வளையங்கள் மாதிரி வெளிச்சம் சீராக ஓட வேண்டும். நடுவில் ஒரு கரிய வளையம் தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். குழலில் மண்ணோ துணியோ அடைத்திருந்தது தெரியாமல் சுட்டால் இப்படி ஆகும். வீங்கின குழலுக்கு வைத்தியம் கிடையாது. குழலின் மேலே தண்ணீர் அலை மாதிரி, மரத்தின் ரேகை மாதிரி வரிவரியாக இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கம்பிகளை முறுக்கி அடித்துச் செய்த மிகப் பழைய குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கு அதை வாங்காதீர்கள்.

எண்ணைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் பார்க்க வேண்டியது முதலில். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் பழைய உரிமப் புத்தகத்து எண்ணும் ஒன்றா? துருவைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாள் போட்டு எண்ணையே அழித்திருப்பார்கள். அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் வாங்குவதும் குற்றம். குழலை அளந்தும் பாருங்கள். தூக்கிப் போக வசதியென்று யாராவது முனையை அறுத்திருந்தால், அது 20 அங்குலத்துக்குக் கீழே போயிருந்தால், தொடவே தொடாதீர்கள்.

எதற்காகவும் ஊர் லேத் பட்டறைக்கோ கொல்லுப்பட்டறைக்கோ கொண்டுபோக வேண்டாம். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் சட்டப்படி குற்றம். நல்ல மனதோடு உதவி செய்கிறவரை நாம் ஏன் மாட்டிவிட வேண்டும்?

முழங்காலில் வைத்து அழுத்தித் திறக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்படி அழுத்தும்போது குழல் முனை எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அது பக்கத்தில் நிற்கிறவர் காலையோ உங்கள் பாதத்தையோ நோக்கிச் சுற்றும். உள்ளே தோட்டா இல்லை என்று எப்படித் தெரியும்? திறந்தால்தானே தெரியும். திறக்காத துப்பாக்கி எல்லாமே தோட்டா உள்ள துப்பாக்கிதான். இரண்டு வருடம் பரணில் கிடந்ததற்கும் இது பொருந்தும்.

எல்லாம் சரியாக இருந்தால் பிறகு பேரம் பேசுங்கள். எண்ணெய்ப் பிசின், உலர்ந்த கீல், முன்கட்டை உரசல் என்றால் பழுதுக்கூலியைக் கழித்துக்கொண்டு தயங்காமல் வாங்கலாம். தோட்டா அறையில் குழி, குழலில் வீக்கம், கட்டையின் கழுத்தில் குறுக்கே விரிசல் என்றால் பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: கூடலூரிலிருந்து ஒரு வாசகி. என் மாமனாரிடம் துப்பாக்கி உரிமம் இருக்கிறது. வயதாகிவிட்டது, கண் மங்கல். நீளத் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. இதே மாதிரி மடக்கித் திறக்கிற, ஒரே தோட்டா போடுகிற கைத்துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது. பயிர்க்காவலுக்கு அதை மாற்றி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: முடியாது அம்மா. பயிர்க்காவலுக்குச் சட்டம் சொல்வது மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, போதாவிட்டால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி. கைத்துப்பாக்கி அதில் அடங்காது. அதற்குத் தனியாக வேறு காரணம் காட்டி உரிமம் கேட்க வேண்டும். கண் மங்கலான பெரியவருக்குக் கைத்துப்பாக்கி கொடுப்பதில் எனக்கும் சம்மதமில்லை. குட்டைக் குழலின் முனை கொஞ்சம் மணிக்கட்டு திரும்பினாலே வீட்டாள் பக்கம் வந்துவிடும். ஒற்றைக்குழல் என்றால் ஆபத்து குறைவு என்று நினைக்கிறார்கள், அந்த ஒன்று போதாதா?

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயரில் உரிமம் கேட்கலாம். 2016-ம் வருட ஆயுத விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. உங்கள் கணவர் பெயரில் மாமனாரே எழுதிக் கொடுக்கட்டும். கேட்கிறவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டியிருக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். மாமனார் இருக்கும்போதே செய்தால், மேலே அஞ்செட்டிக்காரர் எழுதின மாதிரி ஒரு நிலைமை உங்கள் வீட்டுக்கு வராது.

கேள்வி: உரிமத் துப்பாக்கி இருந்தால் தோட்டத்துக்குள் வருகிற காட்டுப்பன்றியைச் சுடலாம் அல்லவா? (பலர்)

பதில்: சுடக்கூடாது. துப்பாக்கி உரிமம் வேறு, வனவிலங்கைச் சுடும் அனுமதி வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட உத்தரவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளைப் பற்றியது, சுடுகிறவர்களும் வனத்துறையினர்தான். யானை, மயில் பற்றிக் கேட்கவே வேண்டாம். உங்கள் துப்பாக்கி சத்தம் காட்டி விரட்டத்தான், அதுவும் ஆளில்லாத திசை பார்த்து. பயிர்ச் சேதத்துக்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறையில் இழப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள்.

கேள்வி: 12 போர் என்றால் எல்லா 12 போர் தோட்டாவும் பொருந்துமா?

பதில்: பருமன் பொருந்தும், நீளம் பொருந்த வேண்டும் என்பதில்லை. 12 என்பது ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அந்தப் பருமன், சுமார் 18.5 மில்லிமீட்டர். நீளத்தில் 65 மில்லிமீட்டரும் இருக்கிறது, 70 மில்லிமீட்டரும் இருக்கிறது. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65-தான். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத 70 தோட்டா வாய் மடித்திருப்பதால் 65 அறைக்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், மூடவும் மூடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ‘நன்றாக இருந்த துப்பாக்கி திடீரென்று திறக்க இறுகிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் முதலில் தோட்டாப் பெட்டியைப் பார்க்கவும். குழலின் அடியில் 2½ அங்குலம் என்றோ 65, 70 என்றோ பொறித்திருக்கலாம். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் அளவுகோல் இருக்கும், அளந்து உரிமப் புத்தகத்து உறையில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டாவை உடனே திறந்து எடுக்க வேண்டாம். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடம் முழுசாக நின்று, முகத்தைப் பின்வாயிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகத் திறக்கவும். மழைக்காலத்தில் நனைந்த தோட்டாக்களை வெயிலில் காயவைத்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், குப்பையில் போடவும் வேண்டாம்.